பொட்டு வைத்த இரும்பு

எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையிலிருந்து பாடி கட்டாத லாரி சேஸிஸைத் தலைக்கவசத்தோடு ஓட்டிப் போவார்களே, பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டம் பெரும்பாலும் ரிவெட்டில் நிற்பது; பாரத்துக்குக் கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். பந்தயக் கார் நெளியவே கூடாது. கோவையில் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துக் கட்டிய ஃபார்முலா மாருதிக்குக் குழாய்ச் சட்டம், அத்தனையும் வெல்டிங்.

அதில் சஸ்பென்ஷனைத் தாங்கும் உள்ளங்கையளவுத் தகடுகள்தான் எனக்குப் பிரியம். ஜோடியாகக் கவ்விப் பிடித்து ஒன்றாகத் துளையிட்டால்தான் போல்ட் நேராக நுழையும். முதலில் பொட்டு வைத்தாற்போல டேக் வெல்டு. பிறகு பக்கம் மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். ஒரே பக்கம் ஓட்டினால், ஆறும்போது இரும்பு கோணிக்கொள்ளும். கைதேர்ந்தவர் வெல்டு, மீன் செதில் அடுக்கியதுபோல அவ்வளவு அழகு!

இங்கே எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்று, இரும்பு துருப்பிடிக்கும். பற்றவைத்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.