வந்த புள்ளும் உரிய நிலமும்: திணைக் கோட்பாடு பற்றி ஒரு திறனாய்வு

திணைக் கோட்பாடு பற்றிய எழுத்துக்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய பெருமிதம் இடம்பெற்று வருகின்றது. சூழலியல் என்னும் துறையை மேனாட்டார் அறிவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் அதனைக் கண்டறிந்து இலக்கணமாக வகுத்துவிட்டனர் என்பதே அது. நிலத்தைப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மாவும் மரமும் புள்ளும் இன்னவெனத் தொல்காப்பியர் கூறினார் என்பது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. மேடைக்கு இனிய கூற்று இது. ஆயின் இதனை ஒரு கடற்கரைக்குக் கொண்டு சென்று சோதித்துப் பார்த்தவர் சிலரே.

சோதிப்பதற்கு மன்னார்த் தீவின் உப்புக்குளம் பொருத்தமான இடமாகும். மன்னார் நகரின் ஒரு பகுதியாகிய இவ்வூர் பெயரிலேயே நெய்தலைத் தாங்கி நிற்பது. உப்பளமும் ஆழமற்ற கடலும் வற்றிப் பரக்கும் சேற்றுநிலமும் மீன்பிடித் தொழிலும் இதன் சூழல். சங்கப் பாடல்களின் உமணரும் பரதவரும் இங்கு வந்தால் அயல்நிலம் வந்ததாக எண்ணமாட்டார்கள். நெய்தலுக்குரிய புள் எதுவென்று வினவினால், பிற்காலத்து நம்பியகப்பொருள் கடற்காகத்தைக் கூறும். மன்னார்க் கரையில் மாரி காலத்தில் கடற்காகம் கூட்டங்கூட்டமாக உண்டு. எல்லாம் இயைந்துவிட்டது போலத் தோன்றும்.

இயையாத இடம் இனிமேல்தான் வருகின்றது. இக்கரையிற் பெருந்தொகையாகக் காணப்படும் கடற்காகங்கள் இங்கே கூடு கட்டுவன அல்ல. கொழும்புப் பல்கலைக்கழகத்தினரும் இலங்கைக் களப் பறவையியற் குழுவினரும் ஈடுபட்ட ஆய்வொன்றில், ஹியூக்ளின் கடற்காகம் எனப்படும் இனத்தைச் சேர்ந்த பறவைகளுக்கு மன்னாரில் செய்மதிவழி இடமறியும் கருவி பொருத்தப்பட்டது. மேகா எனப் பெயரிடப்பட்ட பறவை 2021இன் இளவேனிலில் மன்னாரை விட்டு நீங்கி, இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ரசியாவின் வடகோடியில் ஆட்டிக் வட்டத்துள் அமைந்த யமால் தீபகற்பத்தை அடைந்தது. அவ்வாண்டிலேயே மன்னாருக்குத் திரும்பியது. போக்கும் வரவுமாக அது பறந்த தொலைவு 19,000 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. இனம் பெருக்குவது துருவத்துப் பனிநிலத்தில். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது தெற்கின் கரைகளிலும் இடைவழியிலும். நெய்தலின் கருப்பொருள் எனப் பட்டியலிடப்பட்ட பறவை, பிறப்பினால் ஐந்நிலத்துள் எந்நிலத்துக்கும் உரியதன்று.

இதனைக் கொண்டு தொல்காப்பியர்மீது குற்றஞ் சாட்டுவது பொருந்தாது. ஏனெனில் பட்டியல் அவருடையதே அன்று. தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் எனக் கருப்பொருளின் வகைகளை மட்டுமே அவர் சொன்னார். இந்நிலத்துக்கு இன்ன பறவை என்ற நிரல், உரையாசிரியர்களும் பிற்கால அகப்பொருள் நூலாரும் நிரப்பியது. ஆசிரியர் திறந்து வைத்த வாயிலைப் பின்வந்தோர் பூட்டினர். இன்றைய பெருமிதம் பூட்டைத்தான் போற்றுகின்றது என்பது இரங்கத்தக்கது.

தொல்காப்பியர் இதற்கும் ஒருபடி மேலே சென்றிருக்கின்றார். கருப்பொருளை வகுத்த சூத்திரத்தை அடுத்து அகத்திணையியலில் இன்னொரு சூத்திரம் உண்டு. ஒரு நிலத்துப் பூவோ புள்ளோ தனக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாது வேறிடத்தில் வந்து தோன்றுமாயின், அது வந்து சேர்ந்த நிலத்தின் பயனாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. கற்பிப்போர் இதனைப் பெரும்பாலும் விதிவிலக்காக, கருப்பொருள் மயங்கி வரும்போது புலவனைப் பிழையினின்று காக்கும் ஓர் ஏற்பாடாகச் சொல்லிக் கடந்துவிடுவர். மன்னார்க் கரையில் நின்று நோக்குவார்க்கு இது விலக்காகத் தோன்றாது, விதியாகவே தோன்றும். அங்கே வந்து தோன்றுவனவே மிகுதி. பூநாரையும் உள்ளானும் கடற்காகமும் நீக்கிய மன்னார், புள்ளற்ற நெய்தலுக்கு அண்மையில் நிற்கும்.

ஈழத்திலும் தமிழகத்திலும் திணை பற்றி எழுந்த சிறந்த ஆய்வுகள் வேறு வினாக்களை முன்வைத்தவை. தனிநாயகம் அடிகள் இயற்கைக்கும் கவிதை உணர்வுக்கும் உள்ள இயைபை உலக இலக்கியங்களோடு ஒப்பு நோக்கினார். கா. சிவத்தம்பி 1974இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரை, திணைகளைச் சமமற்று வளர்ந்த பொருளாதார வாழ்முறைகளாகக் கண்டது. பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ பழஞ்சொல்லுக்கு உயிருள்ள பறவையைத் தேடிக் கொடுத்தது. முதலிருவருக்கும் நிலமும் அதன் மாந்தரும் முதன்மை. மூன்றாமவருக்குப் பெயரும் இனமும். பறவை எங்கிருந்து வந்தது, எப்போது மீளும் என்னும் வினா இவர்களது நோக்கத்தின் நடுவில் இருக்கவில்லை. குறை என்று இதனைச் சொல்வதற்கில்லை; எஞ்சிய பணி என்று சொல்லலாம்.

மேனாட்டு உயிர்ப்புவியியலின் தொடக்கமும் இதே இயல்பினது என்பது நோக்கத்தக்கது. ஸ்கிளேற்றர் 1858இல் உலகை ஆறு பெரு வட்டாரங்களாகப் பகுத்தபோது, கிளைபற்றி அமரும் பறவைகளையே அடிப்படையாகக் கொண்டார். வாலஸ் 1876இல் அப்பகுப்பை மற்றைய விலங்குகளுக்கும் விரித்து நூல் செய்தார். அவ்வரைபடம் இன்றும் பயனுடையது. மன்னாரின் நிலைத்து வாழும் பறவைகளை அது நன்கு விளக்கும். கவுதாரியும் கரிச்சானும் இராமநாதபுரத்துக் கரையில் எங்கும் காணப்படுவன. இலங்கையிலோ பெரும்பாலும் மன்னார், யாழ்ப்பாணம் முதலாய வடக்கு, வடமேற்கு வறள்நிலக் கரையோடு நின்றுவிடுகின்றன. கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் இன்றையதிலும் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. ஆதாம் பாலம் அன்று மணல்திட்டுத் தொடர் அன்று, தரைவழி. பறவையியலின் கண்ணில் மன்னார் இலங்கையின் விளிம்பு மட்டுமன்று, தென்னிந்தியாவின் விளிம்புமாகும். ஆனால் யமாலுக்குப் போய் மீளும் கடற்காகத்தை வாலசின் வட்டாரங்களுள் எதில் அடைப்பது? வரைபடம் இருப்பிடத்தைக் காட்டும், வழியைக் காட்டாது.

வழியைப் பாடிய தமிழ்ப் புலவன் ஒருவன் உண்டு. சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டு தமிழ் மாணவர் யாவரும் அறிந்தது. செங்காலும் பிளந்த பனங்கிழங்கு போன்ற அலகும் உடைய அந்நாரை, தெற்கே குமரிவரை சென்று வடக்கே மீள்வது. அதன் வழியில் தன் ஊர்க்குளத்தில் தங்குமாறு புலவர் வேண்டுகின்றார். வறுமைப் பாட்டாகவே அது கற்பிக்கப்படுகின்றது, தவறில்லை. எனினும் அப்பறவையை ஒரு நிலத்தின் கருப்பொருளாக அன்றி, இரு திசைக்கும் உரிய வழிப்போக்கனாகவும், இடையிலுள்ள ஒரு சிறு குளத்துக்கும் அதனிடம் உரிமையுண்டு என்றும் அவர் கண்டமை உரைகாரரின் நிரலைவிடக் கூர்மையானது.

வந்ததெல்லாம் வந்த நிலத்துக்கே உரியது என்னும் விதிக்கும் எல்லை உண்டு. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம் ஆபிரிக்காவுக்குரியது. அராபிய வணிகர் கொணர்ந்தது எனக் கருதப்படுவது. இன்று அதுவன்றி மன்னாரைப் படம்பிடிப்பார் இல்லை. ஆனால் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிலங்கையில் நட்ட சீமைக் கருவேலம் புந்தல தேசியப் பூங்காவின் நிலத்தை மூடிப் பரவிப் பறவைகளின் இடத்தையே பறித்தது. இரண்டும் வந்தவைதாம். தொல்காப்பியர் சூத்திரம் பாட்டுக்கு விதி; காட்டுக்கு விதியாக அதனை அப்படியே எடுத்தாளுதல் மற்றொரு மேடைப் பேச்சாகவே முடியும். மாந்தர் திறத்திலோ நிலத்துக்கு உரியவர் யார் என்னும் வினா உப்புக்குளத்தில் ஏட்டு வினா அன்று. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் தம் மண்ணினின்று வெளியேற்றப்பட்டனர். பல்லாண்டுகள் கழிந்து மீண்டோர் தம் உரித்தை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அவர்கள் வந்தவர் அல்லர், உரியவர்.

பறவைக்கு உரித்துத் தேடும் முயற்சி சட்டத்திலும் நிகழ்ந்துள்ளது. 1979இல் பொன் நகரில் உருவான இடம்பெயர் உயிரினங்கள் பற்றிய உடன்படிக்கை, ஓர் உயிரினம் பிறக்கும் நாட்டை மட்டுமன்றி, அது கடந்து செல்லும் நாடு ஒவ்வொன்றையும் பொறுப்புடையதாக்குகின்றது. இலங்கை 1990இல் அதில் இணைந்தது. தொல்காப்பியச் சூத்திரத்துக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை தற்செயலானது, எனினும் பொருளுடையது. பெருநிலப் பக்கத்தில் வங்காலை 2008இல் சரணாலயமாயிற்று. 4,839 ஹெக்டேயர் பரப்புடைய அது 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகள் 2015இல் கடற்சார் தேசியப் பூங்காவாயின. இவ்விரண்டுக்கும் இடையே கிடப்பது ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புடைய மன்னார்த் தீவு.

அத்தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபையின் ‘தம்பபவனி’ காற்றாலைகள் முப்பது, 103.5 மெகாவாற்று வலுவோடு 2020 டிசெம்பரில் திறந்து வைக்கப்பட்டன. பின்னர் 250 மெகாவாற்று வலுவுக்கு மேலும் 52 காற்றாலைகளை அதானி நிறுவனம் அமைப்பதற்கான திட்டத்தின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 2024இல் மக்கள் பார்வைக்கு வந்தது. சூழல் அமைப்புக்களும் மன்னார் ஆயரும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக் கொண்டது. வேறு காற்றாலைத் திட்டங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். நிலக்கரியை எரிப்பதினும் காற்றைக் கொள்வது மேலானது என்பதில் ஐயமில்லை. வாதம் காற்றாலை வேண்டுமா என்பது பற்றியதன்று. எந்த இடத்தில் என்பது பற்றியது. அதனினும் நுண்ணியதாக, எந்தப் பொழுதில் என்பது பற்றியது.

இங்கேதான் திணைக் கோட்பாடு உண்மையாகப் பயன்படக்கூடும். முதற்பொருள் என்பது நிலம் மட்டுமன்று, நிலமும் பொழுதும். இவ்விரண்டும் சேர்ந்தன்றித் திணை இல்லை. நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியன என உரையாசிரியர் கொண்டனர். அதனால் நெய்தல் காலமற்ற நிலம்போலக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. மன்னாரின் நெய்தலோ அவ்வாறன்று. ஓகஸ்ட் தொடங்கி ஏப்ரல் வரை அதன் சேற்றுநிலம் ஓர் உலகம். எஞ்சிய வெயில் மாதங்களில் அது பெரும்பாலும் வெறும் உவர்வெளி. உவர்வெளியைக் கண்டு வெற்றுநிலம் என எழுதுவது எளிது. பறவை ஆய்வு போதிய காலத்தைத் தழுவவில்லை என்பது மேற்கூறிய அறிக்கைமீது சூழலியலாளர் எழுப்பிய முதன்மைக் குறைகளுள் ஒன்று. நிலத்தை அளந்து பொழுதை விட்ட அறிக்கை என அக்குறையைத் தமிழில் மொழியலாம்.

பறவைகள் சரணாலய எல்லையை அறிவதில்லை. வற்றுப்பெருக்கைப் பார்த்து அவை வங்காலைச் சேற்றினின்று எழுந்து, தாம்போதியைக் கடந்து, தீவின் உப்பளத்து ஓரங்களிலும் இரை தேடும். தாம்போதியின் ஒருபுறத்தில் அவற்றுக்குச் சட்டத்தின் காப்பு உண்டு. மறுபுறத்தில், உப்புக்குளத்துப் பக்கத்தில், அவை வந்தன என்பதைத் தவிர வேறு உரித்து இல்லை.