உயிர்மெய்யும் இடைவெளியும்: திறமூலப் பக்க வடிவமைப்பு குறித்து

புலம்பெயர் நாடுகளில் தமிழ் நூல் வெளியிடுவோர் வணிக மென்பொருளை விடுத்து ஸ்கிரைபஸ் போன்ற திறமூலப் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறுவது பெரும்பாலும் விலை குறித்த வாதமாகவே பேசப்படுகிறது. இலவசம் என்ற சொல் இங்கே திசைதிருப்புகிறது. எழுத்துகளுக்கிடையே உள்ள வெளியைத் திருத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே கேட்கத்தக்க வினா.

இலக்கணத்தில் உயிர்மெய் ஓரெழுத்து. அச்சிலோ 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள். பழைய எட்டு பிட்டு எழுத்துருக்களில் இம்மூன்றும் தனித்தனிக் குறிகளாக இருந்தமையால், மென்பொருள் அவற்றை மூன்று எழுத்துகளாகவே எண்ணியது. வரியை இருபுறமும் சீராக்க எழுத்திடை வெளியை விரித்தபோது, கால் தன் மெய்யை விட்டு விலகி ரகரம் போல் தனித்து நின்றது. அக்காலத்து நூல்கள் பலவற்றில் இதனைக் காணலாம்.

ஸ்கிரைபஸின் 1.4 வரிசை ஒருங்குறித் தமிழைக் கோக்க அறியாதது. கொம்பு மெய்க்குப் பின்னே விழுந்தது. 2017இல் வந்த 1.5.3 பதிப்பு ஹார்ஃப்பஸ் பொறியைக் கொண்டுவந்து அக்குறையைத் தீர்த்தது. 2024 சனவரியில் 1.6 நிலைப்பதிப்பாயிற்று. எனவே பழைய குற்றச்சாட்டை இன்றும் சொல்வது நேர்மையன்று. ஆயினும் வடிவக் கோப்பு வேறு, கெர்னிங் வேறு. எழுத்துருவின் அட்டவணையில் உள்ளதையே பொறி நிறைவேற்றும். ரோமன் இணைகளுக்கு மட்டும் கெர்னிங் அமைத்துத் தமிழை விட்டுவிட்ட எழுத்துருவை எம்மென்பொருளாலும் காப்பாற்ற இயலாது.

அவ்வப்போது பக்கத்திலேயே கையால் இடைவெளியைச் சரிசெய்வோர் உளர். அடுத்த பதிப்பில் எழுத்துருவோ அளவோ மாறின் அவ்வுழைப்பு வீணாகும். திருத்தம் எழுத்துருவுக்குள் நிகழ வேண்டும். திறந்த எழுத்துரு உரிமம் அதற்கு இசைகிறது. ஃபான்ட்ஃபோர்ஜ் கருவியும் உண்டு. 247 எழுத்துகளை இணைத்தால் 61,009 இணைகள் என அஞ்சுதல் வேண்டா. கா, பா, மா மூன்றும் காலில் முடிகின்றன. கெ, பெ, மெ மூன்றும் கொம்பில் தொடங்குகின்றன. வகை வகையாகப் பகுத்தால் எண்ணிக்கை பெரிதும் சுருங்கும். பொறுமையுள்ள ஒருவர் செய்து முடிக்கத்தக்க பணியே இது.

மூலப்பெயர் காக்கப்பட்டிருப்பின், திருத்திய எழுத்துருவை அப்பெயரில் வெளியிட உரிமம் இடந்தராது. பதிப்பகம் அதற்குத் தனிப்பெயர் இட்டு, நூலின் மூலக்கோப்போடு நூலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும். எழுத்துரு இன்றிக் கோப்பு மட்டும் எஞ்சினால், மறுபதிப்பில் வரிகள் இடம்பெயரும். சொல்லடைவின் பக்க எண்கள் பொய்க்கும்.