ஆறாத புண்: ஓர் உவமையின் மதிப்பீடு

புதுக் கருத்தொன்றை விளக்கப் புகும் அறிஞர் உவமையின் துணையை நாடுதல் இயல்பே. உவமை பொருந்துமிடத்து ஆராய்ச்சிக்கு வழிகாட்டும். எல்லை கடப்பின் அறிவை மயக்கும். 1986ஆம் ஆண்டில் அமெரிக்க நோயியலறிஞர் ஹரல்ட் டுவோராக், புற்றுக்கட்டிகளை 'ஆறாத புண்கள்' என உவமித்து ஒரு கட்டுரை எழுதினார். பெருங்குடற் புற்றுநோய்க்கு அவ்வுவமை எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

புண்பட்ட இடத்தில் வெண்குருதிக் கலங்கள் திரண்டு, சைற்றோகைன் எனும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. இப்புரதங்கள் தூதுவர் போன்று அயற்கலங்களை அடைந்து, அவற்றைப் பிழைத்திருக்கவும் பெருகவும் ஏவுகின்றன. புண் ஆறியதும் இவ்வேவல் ஓய்தல் வேண்டும். பல்லாண்டுகளாகப் பெருங்குடலழற்சியுற்றோரிடம் அது ஓய்வதில்லை. அன்னோர்க்குப் புற்றுநோய் மிகுதியாகத் தோன்றுவதும் அறியப்பட்டதே.

2009ஆம் ஆண்டு வெளிவந்த எலி ஆய்வுகள் இவ்வுவமைக்கு வலுவூட்டின. இன்ரலூக்கின்-6 எனும் தூதின் செய்தியைக் கருவுக்குக் கொண்டுசெல்லும் ஸ்ரற்-3 புரதத்தைக் குடற்கலங்களிலிருந்து நீக்கியபோது கட்டிகள் குறைந்தன. ஆனால், குடலின் புண் மோசமாயிற்று. புண்ணை ஆற்றுவதும் கட்டியை வளர்ப்பதும் ஒரே செய்தியென்பது இதனாற் புலனாயிற்று.

எனினும், உவமையின் குறைபாடுகளையும் மறைத்தலாகாது. முதலாவதாக, பெருங்குடற் புற்றுநோயாளருட் பெரும்பாலோர் நீடித்த குடலழற்சியால் வருந்தியவரல்லர்; அவர்களிடத்து ஏ.பி.சி. முதலிய மரபணுக்களின் பழுதே பெரும்பாலும் தொடக்கமாகின்றது. இரண்டாவதாக, 2004ஆம் ஆண்டு ஆய்வொன்றில், எலியின் குடற்கலங்களில் அழற்சிச் செய்தியை ஏற்கும் நொதியமொன்றை அகற்றியபோது, அழற்சி தணியாமலே கட்டிகள் பெரிதும் குறைந்தன. எனவே, அழற்சி உண்டு என்பது மட்டும் போதாது. கலம் அதனை எவ்வாறு ஏற்கின்றது என்பதே முதன்மையானது. மூன்றாவதாக, கட்டியினுள் ரீ-கலங்கள் செறிந்திருப்போர் நெடிது வாழ்வதை 2006இல் பிரெஞ்சு ஆய்வாளர் காட்டினர். திரளும் கலங்கள் யாவும் பகையல்ல என்பது தெளிவு.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தல் ஏட்டளவில் நின்றுவிடும் பிழையன்று. அழற்சியை அடக்கினாற் புற்றுநோய் அடங்கும் என்னும் எளிய முடிபு மனித உயிரோடு தொடர்புடையது. குடலில் தோன்றும் கட்டிமுளைகளைத் தடுக்குமா என ஆராயப்பட்ட ரொபிகொக்சிப் எனும் அழற்சியடக்கி, மாரடைப்பை மிகுவித்தமையால் 2004இல் விற்பனையினின்று நீக்கப்பட்டது. லிஞ்ச் எனும் பரம்பரைக் குறைபாடுடையோர் நாடோறும் 600 மில்லிகிராம் அஸ்பிரின் உட்கொண்டபோது, பிந்திய ஆண்டுகளிற் குடற்புற்றுநோய் குறைந்தது உண்மையே. ஆயின், பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,000இற்கு மேற்பட்ட முதியோரிடம் நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஆய்வில், அஸ்பிரின் பெற்றோரிடையே புற்றுநோய் மரணம் சற்று மிகுதியாகவே காணப்பட்டது. ஒருவர்க்கு மருந்தாவது மற்றொருவர்க்கும் மருந்தாகும் எனத் துணிதல் தகாது.

ஆகவே, டுவோராக்கின் உவமை கைவிடத்தக்கதன்று. அது நல்ல வினாக்களை எழுப்பியது. ஆனால், வினாவை விடையாகக் கொள்ளுதல் தவறு. குடலை உரிய காலத்திற் பரிசோதித்துக் கட்டிமுளையைக் கண்டு அகற்றுதலே இன்றும் உறுதியான காப்பு. உவமையை மதிப்போம், உண்மையைக் கொண்டு அதனை அளப்போம்.