சன்னலோரத்துப் புகைப்படங்கள்

தசரா வந்துவிட்டால் குலசேகரன்பட்டினத்தில் வேடம் கட்டியவர்களுக்கு ஈடாகக் கேமராக்காரர்களும் கூடிவிடுகிறார்கள். தை பிறந்தால் வாடிவாசல், சித்திரையில் கூவாகம். அதே நாக்கு நீட்டிய காளி, அதே புழுதி, அதே சாய்வெயில். நல்ல படம் வேண்டுமானால் வீட்டை விட்டுக் கிளம்பு, கணத்தைப் பிடி என்பதுதான் பயிலரங்குதோறும் ஓதப்படும் மந்திரம். ஆனால் இந்தக் கலையின் வரலாற்றில் முக்கியமான படங்கள் பல வீட்டு வாசலையோ சொந்த ஊரையோ தாண்டவே இல்லை.

இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம், 1826 அல்லது 27இல் புகைப்பட முன்னோடி நியெப்ஸ் தன் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்தது. தகட்டில் பதியப் பல மணி நேரம் ஆனதால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டின் மேலும் வெயில் விழுந்திருக்கிறது. 1844இல் இன்னொரு முன்னோடியான டால்பாட் வெளியிடத் தொடங்கிய நூலின் ஒரு படத்தில், திறந்த கதவருகே ஒரு துடைப்பம் சாத்தியிருக்கிறது. அட்ஜேவுக்குப் பாரிஸின் கடைமுகப்புகள் போதுமாக இருந்தன. 1928இல் கெர்டெஸுக்குத் தட்டின் விளிம்பில் சாய்ந்த ஒரு முள்கரண்டியும் அதன் நிழலும் போதுமாயின. பிறகு வந்தார் கார்த்தியே-பிரஸ்ஸோன். 1932இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம் தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரை அவர் எடுத்த படம் அற்புதம்தான். 1952இல் அவருடைய நூல் வந்ததும் ‘தீர்மானமான கணம்’ என்ற கருத்து வேதமாகிவிட்டது. அதற்குப் பின் வந்த கூட்டம் தாண்டுபவர்களை மட்டுமே தேடி அலைந்தது.

அந்த வேதத்துக்கு எதிர்த்தரப்பில் நான் நிறுத்த விரும்புவது ப்ராகைச் சேர்ந்த யோசெஃப் சுதெக்கை. நம் பேச்சில் அதிகம் அடிபடாத பெயர். புத்தகம் கட்டும் தொழில் கற்றவர். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். நாஜிகளின் பிடியில் இருந்த நகரத்தில் கேமராவோடு வெளியே நடமாடுவது ஆபத்தாகவே, முற்றத்து மரக்கொட்டகையான தன் ஸ்டூடியோவின் சன்னலுக்குத் திரும்பினார். 1940இல் தொடங்கிய அந்தச் சன்னல் பட வரிசை, போர் முடிந்த பிறகும் நிற்காமல் 1954 வரை நீண்டது.

அவற்றில் நிகழ்ச்சி என்று எதுவும் கிடையாது. கண்ணாடியில் ஆவி படிந்து துளிகள் வழிகின்றன. அதற்கப்பால் முற்றத்துக் கோணல் மரம் கரைந்து தெரிகிறது. மாடத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், வாடும் பூ. சன்னலும் மரமும் மாறுவதில்லை. பனியும் மழையும் பருவமும் மாறுகின்றன. நெகட்டிவைப் பெரிதாக்காமல் தாளின் மேல் நேரடியாக வைத்தே அச்சிட்டார். படம் நெகட்டிவின் அளவில்தான் இருக்கும். ஆனால் கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவிலுள்ள சாம்பல் நிறங்கள் ஒன்றுகூடத் தொலைவதில்லை. கையருகே வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டிய படங்கள் இவை. போட்டி நடுவரின் மூன்று விநாடிப் பார்வைக்கு இவை வசப்படாது.

சுதெக் இறந்த 1976இல்தான் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அமெரிக்கப் புகைப்படக்காரர் எக்லஸ்டனின் வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தது. மூன்று சக்கர சைக்கிள் போன்ற அன்றாடப் பொருள்களைப் பார்த்த விமர்சகர்கள், சலிப்பூட்டுகிறது என்று கொதித்தார்கள். பின்வந்தவர்களோ அந்தச் சலிப்பையே ஒரு பாணியாக்கிவிட்டார்கள். இத்தாலியின் லூயிஜி கிர்ரி அந்தக் குழியில் விழவில்லை. நில அளவையாளராக இருந்த அவர் எடுத்த வண்ணப் படங்களில் ஏளனம் கிடையாது. சுவரொட்டியும் மொட்டைச் சுவரும்கூட மரியாதையோடு நடத்தப்படுகின்றன. வாழ்நாளின் பெரும்பகுதி புட்டிகளை வரைந்த ஓவியர் மொராந்தியின் பணியறையைக் கடைசிக் காலத்தில் கிர்ரி படமெடுத்தது தற்செயல் அல்ல. ஜப்பானின் ரின்கோ கவாவுச்சி இந்த மரபின் இன்றைய வாரிசு.

கைபேசிதான் அன்றாடத்தைக் கண்டுபிடித்தது என்பவர்களுக்கும் இந்த வரலாறே பதில். கைபேசி எண்ணிக்கையைப் பெருக்கியது, பார்வையை அல்ல. வேறெங்கும் போகாமலே தெருமுனையிலும் அலுவலகத்திலும் ஓர் உலகம் இருப்பதை எழுத்தாளர் அசோகமித்திரன் சிறுகதையில் நிறுவிவிட்டார். நம் புகைப்படக்காரர்களோ இன்னும் தேர் நிலையைவிட்டு நகர்வதற்காகக் காத்திருக்கிறார்கள். போட்டி நடத்துபவர்கள் ஓராண்டுக்குத் திருவிழாப் படங்களைத் தள்ளிவைக்கட்டும். ஒரே சன்னலை ஆண்டு முழுக்க எடுத்த பத்துப் படங்களைக் கேட்கட்டும். யாருக்குப் பார்க்கத் தெரியும், யாருக்குப் பயணம் போக மட்டும் தெரியும் என்பது அந்தப் பத்தில் தெரிந்துவிடும்.