ஒரே பகுதியை மும்முறை படித்தல்: இலத்தீன் வகுப்பில் அடுக்குவாசிப்பு

அடுக்குவாசிப்பு என்பது, மாணவருக்கு எட்டாத ஒரு பனுவலை அதே மொழியிலேயே மிக எளிய வடிவில் முதலில் எழுதிக் கொடுத்து, அவ்வடிவின் சொற்களைப் பெரிதும் கைவிடாமல் அடுத்தடுத்த வடிவங்களில் செய்திகளையும் தொடரமைப்பையும் கூட்டிக்கொண்டே போய், முடிவில் மூலத்தையே கையில் தரும் கற்பித்தல் முறையாகும். கலிஃபோர்னியாவின் ஸ்பானிய மொழி ஆசிரியர் பிளேன் ரே வளர்த்தெடுத்த கதைவழிக் கற்பித்தலைப் பின்பற்றிய ஆசிரியர்களிடையே, லாரி கிளார்க், மிஷெல் வேலி என்னும் இருவர் இதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தனர். கற்பவர் தம் நிலைக்குச் சற்றே மேலான, ஆயினும் பொருள் விளங்கக்கூடிய மொழியைக் கேட்டும் படித்தும் மொழியைப் பெறுகிறார் என்று 1982இல் ஸ்டீவன் கிராஷன் விரித்துரைத்த உள்ளீட்டுக் கருதுகோளே இதன் அடிப்படை. ஸ்பானியம், பிரெஞ்சு முதலிய வகுப்புகளிலும் இம்முறை உண்டெனினும், இதன் வலிமையையும் வழுவையும் கூர்ந்து காண இலத்தீன் வகுப்பே ஏற்ற இடம். பாடநூலின் இலத்தீனுக்கும் பழம்புலவரின் இலத்தீனுக்கும் உள்ள தொலைவு அங்கே அத்தனை பெரிது. 2013 முதல் 2025 வரை அமெரிக்காவின் ஏ.பி. இலத்தீன் தேர்வு எழுதிய பள்ளி மாணவர், சில ஆண்டு இலக்கணப் பயிற்சியை மட்டுமே துணையாகக் கொண்டு, சீசரின் போர்க்குறிப்புகளையும் வெர்ஜிலின் காப்பியத்தையும் மூலத்திலேயே படிக்கவேண்டியிருந்தது.

கருத்தளவில் இது புதிதன்று. பிரான்சின் பதினான்காம் லூயி தம் மகனின் கல்விக்காக உருவாக்கச் செய்த பதிப்பு வரிசையில், 1675இல் சார்ல் தெ லா ரூ வெளியிட்ட வெர்ஜில் பதிப்பு, செய்யுளுக்குக் கீழே எளிய இலத்தீன் உரைநடையில் அதே பொருளை நேர்படுத்தித் தந்தது. கொண்டுகூட்டிப் பொழிப்புரைக்கும் தமிழ் உரை மரபை அறிந்தவருக்கு இதில் வியப்பு இராது. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. அப்பதிப்பில் செய்யுளும் உரைநடையும் ஒரே பக்கத்தில் நின்றதால் கண் எப்போது வேண்டுமானாலும் கீழே இறங்கிவிடும். இன்றைய அடுக்குமுறையோ ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்களைத் தந்து, முந்தையதை விலக்கிவிட்டுப் பிந்தையதைப் படிக்கச் சொல்லவல்லது. ஊன்றுகோலை எடுத்துவிடும் இந்த ஏற்பாடு முன்னேற்றமே.

இம்முறை எங்கே உண்மையில் உதவுகிறது என்பதைச் சீசரின் முதல் வாக்கியமே காட்டிவிடும். கால் என்னும் நாடு மூன்று பகுதிகளாகப் பிரிந்திருப்பதையும், ஒன்றில் பெல்கரும் மற்றொன்றில் அக்விட்டானியரும் மூன்றாவதில் தம் மொழியில் ஒரு பெயராலும் உரோமரின் மொழியில் வேறொரு பெயராலும் அழைக்கப்படுவோரும் வாழ்வதையும் சீசர் ஒரே மூச்சில் சொல்கிறார். இங்கே அகராதி பார்க்கவேண்டிய சொற்கள் மிகக் குறைவு. மாணவர் இடறுவது சொல்லால் அன்று, சொல்லப்படாதவற்றால். 'வாழ்கின்றனர்' என்னும் வினை ஒருமுறை மட்டுமே வந்து, மற்ற இரு இடங்களிலும் தொக்கு நிற்கிறது. மூன்றாம் பகுதியில் 'அழைக்கப்படுவோர்' யாரைக் குறிக்கிறதோ அந்தப் பெயரும் வெளிப்படையாக இல்லை. நல்ல ஆசிரியர் முதல் அடுக்கில் இதை மூன்று குறு வாக்கியங்களாக்கி, ஒவ்வொன்றிலும் வினையைத் திரும்ப வைக்கிறார். இரண்டாம் அடுக்கில் அவற்றை இணைப்புப் பெயர்களால், அதாவது முன்வந்த பெயரைச் சுட்டி அடுத்த தொடரைக் கோக்கும் சொற்களால், ஒன்றாக்குகிறார். மூன்றாவதில் மிகையான வினைகளை உருவிவிட்டால் கிடைப்பது சீசரே. விடுபட்ட சொல் எங்கே இருக்கவேண்டும் என்பதை இலக்கண விதியாகக் கேட்டுக்கொள்ளாமல் கண்ணால் கண்டு உணரும் இந்த வாய்ப்பை, ஒவ்வொரு சொல்லாகத் தாய்மொழிக்குப் பெயர்த்து எழுதும் பழைய பயிற்சி தருவதில்லை.

ஆயினும் இந்த வெற்றிக்குள்ளேயே முறையின் பெருங்குறையும் இருக்கிறது. மூன்றாம் அடுக்குக்கு வரும் மாணவர், யார் எங்கே வாழ்கின்றனர் என்பதை ஏற்கெனவே இருமுறை படித்திருப்பதால், மூலத்தைத் தடையின்றிப் படிப்பதுபோல் தோன்றுகிறார். அவர் செய்வது வாசிப்பா, நினைவுகூர்தலா என்று வெளியிலிருந்து பார்ப்பவரால் சொல்ல முடியாது. 1979இல் ஜே சாமுவேல்ஸ் எழுதிய, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பயிற்சி பற்றிய கட்டுரை இங்கே நினைக்கத்தக்கது. தாய்மொழியில் வாசிக்கத் திணறும் சிறுவருக்கான அப்பயிற்சியில், ஒவ்வொரு புதிய பகுதியும் உரிய வேகத்தை எட்ட முன்னதைவிடக் குறைந்த தடவைகளே போதுமானதாயின என்பதே கருதத்தக்க பயனாயிற்று. புதிய பகுதியில் தெரிவதே தேர்ச்சி. அடுக்கு வகுப்பின் கேள்வித்தாளோ பெரும்பாலும் படித்த பகுதியிலேயே நின்றுவிடுகிறது. நூல்வழி வாசகர் பிறர் துணையின்றிப் பொருள்கொள்ளப் பக்கத்தின் சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்கவேண்டும் என்று பால் நேஷன் முதலிய சொற்பயிற்சி ஆய்வாளர் கூறுவதோடு வைத்துப் பார்த்தால், சில பத்திகளையே மூன்றுமுறை சுற்றிவரும் வகுப்பில் சொல்வளம் அந்த அளவை எட்டுவது அரிது என்பதும் புலப்படும்.

இரண்டாவது குறை அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. சீசர் தம் நூலில் பிறர் பேச்சை மிகுதியும் அயற்கூற்றாகவே, அதாவது பேசியவர் சொன்னதாகத் தம் வாய்மொழியில் மாற்றியே தருகிறார். எதிரியின் குரல் அவர் நடை என்னும் சல்லடையில் வடிந்தே வாசகரை அடைகிறது. ஏழாம் நூலில், முற்றுகையுண்ட அலேசியாவில் கிரிடோக்னாட்டஸ் என்பவர் ஆற்றும் நீண்ட உரையோ நேர்கூற்றாக வந்து திடுக்கிடச் செய்கிறது. அயற்கூற்று கடினம் என்பதால் கீழடுக்கில் எல்லாப் பேச்சையும் நேர்கூற்றாக்குவது ஆசிரியருக்கு இயல்பான வழி. அவ்வாறு பழகியவருக்குக் கிரிடோக்னாட்டஸின் உரை மற்றோர் உரையாகவே தெரியும். எளிமைப்படுத்துதல் என்ற பெயரில் இங்கே நீக்கப்பட்டது சுமையன்று, பொருள். வெர்ஜிலிடத்தில் இழப்பு இன்னும் வெளிப்படை: சொல்வரிசையை நேர்செய்தவுடன் யாப்பு போய்விடுகிறது, யாப்போடு கவிதையும்.

அடுக்குகளை எழுதும் உழைப்பும் சிறிதன்று. எளிய இலத்தீனை வழுவின்றி எழுதவல்ல ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் இல்லை, வழுவுள்ள கீழடுக்கோ மாணவரின் காதில் மூலத்துக்கு முன்னரே பதிந்துவிடும். டேனிய ஆசிரியர் ஹான்ஸ் ஓர்பெர்க் வேறொரு வழியைக் காட்டியிருக்கிறார். ஓர் உரோமக் குடும்பத்தின் கதையை 35 அத்தியாயங்களில் முழுவதும் இலத்தீனிலேயே சொல்லும் அவரது பாடநூலில், நடை படிப்படியாகக் கடினமாகிறது, ஆனால் கதை திரும்புவதில்லை; அடுத்து என்ன நடக்கும் என்று அறியாமலே மாணவர் படிக்கிறார், ஆகவே அங்கே படிப்பது படிப்பே.

தேர்வுக்குரிய கடினமான ஒரு பகுதிக்குள் நுழைய அடுக்குவாசிப்பைப் போல் உதவும் முறை வேறு அதிகம் இல்லை. அன்றாட வாசிப்புக்கு மாற்றாக அது ஆகாது. மூன்றாம் அடுக்கு முடிந்த மறுநாளே, அதே ஆசிரியரின், அடுக்குகள் எழுதப்படாத ஒரு பத்தியை மாணவரிடம் கொடுத்துப் பார்க்காத வகுப்பு, தன் முறை பயன்பட்டது என்று சொல்லிக்கொள்ள உரிமையற்றது.