வாய்தாவும் வதந்தியும்

பிரியாணிக் கடையில் கெட்டுப்போன கறி போடுகிறார்கள் என்று யாரோ முகநூலில் பொய்யாக எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர் காவல் நிலையத்துக்கு ஓடினால், "கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். தட்டிக்கழிப்பதுபோல் தோன்றும், சட்டப்படி அது சரியான பதில்தான். அவதூறு, போலீஸ் தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றமல்ல. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும்.

இணைய அவதூறுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. கண்டதற்கெல்லாம் கைது செய்ய உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, ஷ்ரேயா சிங்கல் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது நல்ல காரியம். மிஞ்சியவை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவும் (பழைய 499, 500) சிவில் மான நஷ்ட வழக்கும்.

356-இல் இரண்டாண்டு வரை சிறை உண்டு. செலவு குறைவு என்பதே இதன் கவர்ச்சி. அதே குறைந்த செலவில், ஆள்பலம் உள்ளவர் ஒரு செய்தியாளரை ஊர் ஊராக வாய்தாவுக்கு அலையவைக்கலாம். தீர்ப்பே வரவேண்டாம், பஸ் கட்டணமும் பறிபோன வேலைநாளும் போதும். நற்பெயரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, 2016-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் குற்றப்பிரிவு செல்லும் என்றது. நற்பெயர் உரிமைதான், மறுக்கவில்லை. அதைக் காக்கச் சிறை எதற்கு என்பதற்கு அத்தீர்ப்பில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

கடைக்காரருக்கு வேண்டியதும் சிறையல்ல. பதிவு இன்று மாலைக்குள் இறங்க வேண்டும். அங்கேதான் சட்டம் நொண்டுகிறது. நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வரும்வரை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தளங்களுக்குக் காப்பளிக்கிறது. இந்தக் காப்பு வேண்டியதே: வக்கீல் நோட்டீஸுக்கே நீக்குவதென்றால் ஊழலை எழுதியவரின் பதிவுதான் முதலில் மறையும். அவசரத் தடையிலும் ஆபத்துண்டு. புளூம்பெர்க் கட்டுரையை விசாரணைக்கு முன்பே நீக்கச் சொன்ன உத்தரவை, ஜீ நிறுவனம் தொடுத்த வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புளூம்பெர்க்குக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வசதியுண்டு. நம் கடைக்காரருக்கோ, கேட்கும் நஷ்ட ஈட்டுக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணமே மலைப்பு. எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால் அதைக் கண்டுபிடிக்கவும் நீதிமன்றத்தையே நாட வேண்டும். அதற்குள் சிவில் வழக்குத் தொடுப்பதற்கான ஓராண்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். பதிவு இணையத்தில் கிடக்கும்வரை கெடு புதிதாகத் தொடங்கும் என்ற வாதத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் ஏற்கவில்லை.

சிறையை எடுத்துவிட்டு, இரு தரப்பையும் சில நாட்களுக்குள் கேட்டு நீக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் வழியை மாவட்ட நீதிமன்றங்களில் திறப்பதே நியாயம். அதுவரை, அவதூறுக்கு ஆளானவர்கள் முதல் நாளே ஸ்கிரீன்ஷாட்டையும் பதிவின் முகவரியையும் தேதியோடு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் அதற்கு மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் கேட்பார்கள்.