ஏர்முனையும் வளிமண்டலமும்

சரித்திரம் என்றால் மன்னர்களின் போரும் பட்டாபிஷேகமுமே என்று எண்ணுவது பள்ளிக்கூடங்களில் நெடுங்காலமாக ஊறிவிட்ட பழக்கம். உழவனுக்கு அதில் இடமில்லை. வயலில் உழைத்து மாண்ட கோடானுகோடி மக்கள் கல்வெட்டு வைத்தார்களில்லை. ஓலையும் எழுதி வைத்தார்களில்லை. ஆயினும் அவர்தம் உழைப்புக்குச் சாட்சி ஒன்று உண்டு, அது அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழியே என்று ஒரு விஞ்ஞானி கூறினால் யாருக்குத்தான் வியப்பு உண்டாகாது?

அவ்வாறு கூறியவர் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரடிமன். 2003-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்ட கருத்தை, 2005-ல் 'பிளவ்ஸ், பிளேக்ஸ், அண்ட் பெட்ரோலியம்' என்னும் நூலாக விரித்தெழுதினார். ஏர், கொள்ளைநோய், பெட்ரோலியம் என்னும் மூன்றும் வளிமண்டலத்தை மாற்றிய வரலாறே நூலின் பொருள்.

நூலாசிரியரின் வாதம் இதுவாகும். சுமார் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் வடபாதி உலகில் கோடைவெயில் மிகுந்திருந்தது. பின்னர் பூமியின் சுற்றுப்பாதை மாற்றத்தால் அது படிப்படியாகக் குறைந்தது. வெயில் குறையப் பருவமழை குறையும். சதுப்பு நிலம் வறளும். அங்கிருந்து எழும் மீத்தேன் வாயுவும் குறையும். முன்னைய வெப்ப காலங்களில் நிகழ்ந்தது இதுவே. இம்முறையும் அது குறைந்துகொண்டே வந்து, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் திடீரெனத் திரும்பி ஏறத் தொடங்கியது. கரியமில வாயு அதற்கும் முன்னரே, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன், ஏறலாயிற்று. முதலாவதற்கு நீர் தேக்கிய நெல்வயலும் கால்நடையும், இரண்டாவதற்குக் காடழித்த உழவும் காரணம் என்பது அவர் முடிவு.

இந்நூலின் முதற்சிறப்பு, மூன்று கல்வித்துறைகளை ஒரே நூலில் கோத்தது. வானியலும் பனிக்கட்டி ஆராய்ச்சியும் பேசிய அதே நடையில், கி.பி. 2-ஆம் ஆண்டில் சீன அரசு எடுத்த குடிமதிப்பையும், 1086-ல் இங்கிலாந்தில் எடுத்த 'டூம்ஸ்டே' நிலக்கணக்கையும் ஆசிரியர் சான்றாகக் காட்டுகிறார். அக்கணக்குப்படி இங்கிலாந்தில் எஞ்சிய காடு நூற்றுக்குச் சுமார் 15 பங்கே. நீராவி யந்திரம் பிறப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டின் பெருங்காடு போய்விட்டது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது.

இனிக் குறைகளைக் காண்போம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை ஆராய்ச்சியிலும் உண்டு. நெல் பரவிய காலமும் வாயு ஏறிய காலமும் ஒன்றியிருப்பதனால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. 2009-ல் பெர்ன் பல்கலைக்கழகத்தார் பனிக்குமிழியிலுள்ள கரியின் வகைகளைப் பிரித்து ஆராய்ந்து, கரியமில வாயுவின் ஏற்றத்திற்குப் பெரும்பாலும் கடலே காரணம் என்றனர். ரடிமனும் பிடிவாதம் பிடிக்கவில்லை. காடழிப்பு நேராக விளக்குவது அவ்வேற்றத்தில் ஒரு பகுதியையே என 2007-லேயே ஒப்புக்கொண்டு, மற்றதைக் கடலின் எதிர்விளைவுக்கு விட்டார். அறிஞருக்கு அழகு அது.

மீத்தேன் பற்றிய வழக்கோ இன்னும் சுவையானது. 2011-ஆம் ஆண்டு ஒன்றிலேயே இரு தீர்ப்புகள் வந்தன. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த டோரியன் ஃபுல்லர் முதலியோர், ஆசியாவெங்கும் அகழ்ந்தெடுத்த பழைய நெல்மணிகளைக் கொண்டு வயல் பரவிய வழியைக் கணக்கிட்டு ரடிமனுக்கு வலுச் சேர்த்தனர். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தாரோ, தென்பாதி உலகின் வெப்ப நாட்டுச் சதுப்புகள் இயற்கையாகப் பெருகியதே போதிய காரணம் என்றனர். வயலை அகழ்ந்தவர் ஒருபுறம். கணிப்பொறியில் காலத்தை ஓட்டிப் பார்த்தவர் மறுபுறம்.

நூலின் நடுப்பகுதியே மிகவும் வலுவிழந்தது. கொள்ளைநோயால் மக்கள் மடிய, வயல் மீண்டும் காடாகிக் கரியமில வாயுவை உட்கொண்டது என்கிறார் ஆசிரியர். 1492-க்குப் பின் அமெரிக்கக் கண்டங்களுக்கு இது பொருந்தலாம். அங்கே சுமார் 5.6 கோடிப் பேர் மடிந்தனர் எனவும், ஏறக்குறைய அத்தனை ஹெக்டேர் நிலம் தரிசாகி மரம் முளைத்தது எனவும் 2019-ல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. ஆனால் 1347-க்குப் பிந்திய ஐரோப்பாவுக்கு அதே அளவுகோல் பொருந்துமா? இங்கிலாந்தில் உழவர் அற்றுப்போன வயல்களில் பெரும்பகுதி காடாகவில்லை. ஆட்டு மேய்ச்சல் நிலமாயிற்று. பனிக்கட்டியின் கோடு தாழ்ந்த இடத்திலெல்லாம் ஒரு கொள்ளைநோயைத் தேடிப் பொருத்துவது சரித்திரத்தை விஞ்ஞானத்துக்கு ஏவலாளாக்குவதாகும்.

வேறோர் அபாயமும் உண்டு. மனிதன் எட்டாயிரம் ஆண்டுகளாகவே வானத்தைக் கெடுத்து வந்தான், ஆகவே இன்றைய புகைக்கு அஞ்சுவானேன் என்று சிலர் இந்நூலைக் காட்டி வாதிடக்கூடும். அது நூலுக்கும் நீதி அன்று; உழவனுக்கும் நீதி அன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாடுபட்ட உழவர் கூட்டியதாக ஆசிரியர் முதலில் சொன்ன அளவே, பத்து லட்சத்தில் 40 பங்கு கரியமில வாயு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த இருநூற்றைம்பது ஆண்டுகளிலோ, அது 280 பங்கிலிருந்து 2023-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. வயிற்றுக்காக உழுதவனையும் வசதிக்காக எரித்தவனையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது.

முடிவாகக் கூறின், ரடிமன் சொன்னது முழு உண்மையாக நிலைபெறவில்லை. முழுப் பிழையென்று தள்ளப்படவும் இல்லை. அதனாலேயே ஆசிரியர்கள் இதனைப் படித்தல் வேண்டும். பாடப்புத்தகம் தீர்ந்த விடைகளையே தருகிறது. ஒரு கருத்து எழுந்து, தாக்குண்டு, திருத்தமுற்று, ஓரளவு நிற்கும் காட்சியை மாணவன் காண்பதில்லை. அக்காட்சியை இந்நூல் காட்டுகிறது. நெல்வயலைக் கடந்து பள்ளிக்கு வரும் சிறுவனிடம், இவ்வயலுக்கும் வானத்துக்கும் என்ன உறவு என்று ஆசிரியர் கேட்கத் துணிவாரானால், பூகோளம், விஞ்ஞானம், சரித்திரம் என்னும் மூன்று பாடமும் அந்த ஒரு வினாவில் அடங்கிவிடும்.